கூலிக்கு ஏறும் மலைக்குக் குடும்பத்தோடும் போக வேண்டும்

போடிநாயக்கனூர் மக்களின் கோடைக் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசு, தேனி மாவட்ட நிர்வாகம், போடிநாயக்கனூர் நகராட்சி, வனத்துறை, சுற்றுலாத் துறை, அரசுப் போக்குவரத்துக் கழகம், தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டம், ஏலத்தோட்ட உரிமையாளர்கள், ஏலக்காய் வியாபாரிகள்.

போடியில் பொழுது விடிவதற்கு முன்பே தெரு விழித்துக்கொள்கிறது. தூக்குவாளியில் சோறும், இடுப்பில் சொருகிய வெற்றிலைப் பையுமாகப் பெண்கள் முக்குக்கு வந்து நிற்கிறார்கள். ஜீப் வருகிறது. ஏறி, நெருக்கி, மடியில் ஒருத்தியை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். களை எடுக்கவும், நிழல் மரம் கழிக்கவும், செடிக்குத் தண்ணீர் கட்டவும், பருவம் வந்தால் காய் எடுக்கவும் போய், பொழுது சாய்ந்து இறங்கி வருகிறார்கள்.

அதே சாலையில் ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு வரிசையும் ஏறுகிறது. சென்னை, மதுரை, திருச்சி, கோவை வண்டிகள் மூணாறுக்குப் போகின்றன. போடி அவர்களுக்கு டீ குடிக்கும் இடம், பெட்ரோல் போடும் இடம். அவர்கள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். இந்தச் சாசனம் அவர்களுக்கு எதிரானதல்ல. அந்த மலையின் அடியிலேயே பிறந்து, அடியிலேயே வெயில் காயும் எங்களுக்கு ஒரு கோடை வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இதை எழுத உட்கார்ந்தவர்களில் ஒருத்தியின் அம்மா இருபத்தாறு வருடம் ஏலத்தோட்டத்துக்குப் போனவர். போன கோடையில் மகள் அவரைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்து மெட்டுக்குக் கூட்டிப்போனாள். புலியூத்து அருவி வளைவில் வண்டி திரும்பியபோது, "இது எந்த இடம்டீ?" என்று அம்மா கேட்டார். ஆயிரக்கணக்கான தடவை அந்த வளைவைக் கடந்தவர். ஜீப்பின் பின்பக்கம் முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு, இருட்டில் ஏறி, அசதியில் கண்மூடி இறங்கியவருக்கு அருவி தெரியவில்லை. தெரிந்துகொண்ட அன்றைக்கு அவர் மெட்டில் இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்து, கீழே போடியையும், தென்னந்தோப்புகளையும், வெயிலில் பளபளத்த கண்மாய்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரிக்கவே மறந்துவிட்டார்.

எங்கள் கோரிக்கை முழுவதும் அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது.

இந்த மலைச்சரிவில் சரக்கு இறங்க எப்போதும் வழி இருந்திருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்பே மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு ரயிலில் வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டி ஏறிப் போடிக்கு வந்தது. அந்த ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்குத் தண்டவாளம் போட்டார்கள். 1942-இல் போருக்காக அதைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். சுதந்திரம் வந்த பிறகுதான் மீண்டும் போட்டார்கள். கழுதைகளும் மனிதர்களும் முதுகில் மூட்டை சுமந்து இறங்கிய பாதைகளைப் போடிக்காரரான எஸ். செந்தில்குமார் ‘கழுதைப்பாதை’ என்றே நாவலாக எழுதியிருக்கிறார். தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் இத்தனை வழி யோசித்தவர்கள், அதைச் சுமந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஏறிப் பார்க்க ஒரு வழி யோசிக்கவில்லை.

ஓய்வு என்பது வசதி உள்ளவன் கேட்கும் பொருள் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் அரசியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, தொழிலாளிக்குப் பிழைப்புக்கேற்ற கூலி மட்டுமின்றி ஓய்வையும் சமூக, பண்பாட்டு வாய்ப்புகளையும் முழுமையாக அனுபவிக்கும் நிலையை அரசு உண்டாக்கப் பாடுபட வேண்டும் என்கிறது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பொழுதுபோக்கு வசதி பற்றிப் பேசியது. உலகத்தில் மற்றவர்களும் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். பெரிய மனிதர்கள் வேட்டையாட வைத்திருந்த நிலம் அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் அந்த நாடு தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற நடைவழி உரிமைக்கும் சட்டம் இயற்றியது. பிரான்சில் 1936-இல் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை வந்தது. கூடவே விடுமுறைப் பயணத்துக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதச் சலுகையும் வந்தது. அதனால் ஆலைத் தொழிலாளர்களில் பலர் அந்தக் கோடையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள்.

ஆறு

கொட்டகுடி ஆறு எங்கள் ஆறு. குரங்கணி மலையில் பிறந்து போடியைத் தொட்டுக்கொண்டு ஓடி வைகைக்குப் போகிறது. அணைப்பிள்ளையார் கோயில் தடுப்பணைதான் இந்த ஊரின் நீச்சல் குளம். காசு கேட்காத ஒரே பொழுதுபோக்கும் அதுதான். பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். சட்டையைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் குதிப்பார்கள். பாறையிடுக்கில் உடைந்த மது பாட்டில் கிடக்கும். காலைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடியும் வாங்கும் பிள்ளை எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒன்றாவது உண்டு.

அங்கே எங்களுக்குக் கட்டடம் வேண்டாம், கிரானைட் வளைவு வேண்டாம், செல்ஃபி எடுக்கும் பலகை வேண்டாம். இறங்குவதற்குச் சறுக்காத படி வேண்டும். எங்கே எவ்வளவு ஆழம் என்று பாறையிலேயே வண்ணத்தில் எழுத வேண்டும். பெண்கள் துணி மாற்ற ஓர் அறையும், தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் வேண்டும். விடுமுறை நாள்களில் நீச்சல் தெரிந்த காவலர் இருவர் கயிற்றோடும் மிதவையோடும் நிற்க வேண்டும். மது குடிப்பவர்களை அப்புறப்படுத்த மாலையில் ஒரு ரோந்து வர வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கோடை மழை போடியில் பெய்யாமல் குரங்கணிக்கு மேலே மட்டும் பெய்யும். இங்கே வானம் வெளுத்திருக்கும், தண்ணீர் கணுக்காலுக்கு ஓடும். திடீரென்று ஆறு செம்மண் நிறத்தில் வரும், சருகும் குச்சியும் முன்னால் வரும். பெரியவர்களுக்கு அந்தச் சருகே எச்சரிக்கை. வெளியூரிலிருந்து வந்தவருக்கும் பத்து வயதுப் பையனுக்கும் அது தெரியாது. குரங்கணியில் மழை அளப்பவர் ஒரு போன் போட்டால் இங்கே ஒரு சங்கு ஊதலாம். அந்தச் சங்கு எங்களுக்கு இந்தக் கோடைக்கே வேண்டும்.

ஆற்றில் விளையாடும் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர ஓர் ஏற்பாடு இல்லை. கிணற்றிலும் கண்மாயிலும் விழுந்து பிள்ளைகள் சாகும் செய்தியை ஒவ்வொரு மே மாதமும் தமிழ்நாடு முழுக்கப் படிக்கிறோம். பெண் பிள்ளைகளையும் சேர்த்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மே மாதத்தில் இலவச நீச்சல் வகுப்பு நடத்துங்கள்.

மலை

2018 மார்ச் 11-ஐ நாங்கள் மறக்கவில்லை. குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்த இளைஞர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. பலர் சென்னையிலும் கொங்குப் பக்கத்திலும் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் கொஞ்சம் காற்று வாங்க வந்தவர்கள். முதலில் ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். போர்வையில் ஏந்தி, இருட்டில் தடவித் தடவித் தூக்கிவந்த கைகள் இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன. ஆகவே காட்டைத் திறந்துவிடுங்கள் என்று நாங்கள் கண்மூடித்தனமாகக் கேட்க மாட்டோம். புல் காய்ந்திருக்கும் மாதங்களில் மேல்மலைப் பாதைகளை மூடுங்கள். நாங்களே காவல் நிற்கிறோம்.

ஆனால் மூடியிருக்கிறது என்பதை எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். போன வருடம் எங்களில் நான்கு குடும்பங்கள் வேன் வாடகை கொடுத்து ஓர் அருவிக்குப் போனோம். வாசலில் போன பிறகுதான் குளிக்கத் தடை என்று தெரிந்தது. பிள்ளைகள் எண்ணெய் தேய்த்த தலையோடு வேனிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கும்பக்கரை, சுருளி, மேகமலை, குரங்கணி எங்கும் இன்று அனுமதி உண்டா, வண்டி போகுமா, தண்ணீர் எவ்வளவு என்பதைக் காலை ஆறு மணிக்குப் போடி பேருந்து நிலையத்தில் ஒரு கரும்பலகையில் எழுதிவைத்தால் போதும். சாக்பீஸ் செலவு மட்டும்தான்.

2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் தமிழ்நாடெங்கும் 40 பாதைகள் இருக்கின்றன. எங்கள் குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. மலைவாழ் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தக் கட்டணத்தை நான்கு தலைக்குக் கட்டி ஒரு தோட்டத் தொழிலாளியின் குடும்பம் போக முடியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உள்ளூர் நாளாக ஒதுக்குங்கள். தேனி மாவட்டக் குடும்ப அட்டை காட்டினால் பெரியவருக்குப் பெயரளவுக் கட்டணம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று வையுங்கள். வழிகாட்டிக்குரிய கூலியில் ஒரு பைசாகூடக் குறையக் கூடாது, அந்த வித்தியாசத்தை அரசு ஏற்க வேண்டும். வயதானவர்களுக்குக் குரங்கணி அடிவாரத்தில் இரண்டு கிலோமீட்டர் சமதள நடைபாதை ஒன்று போதும். நிழலில் நாலு திண்ணையும், மரங்களின் பெயர் எழுதிய பலகைகளும் இருந்தால் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். முதுவாக்குடி போன்ற மலைவாழ் குடிகளின் வீட்டு முற்றத்தை வேடிக்கைப் பொருளாக்கும் எந்த ஏற்பாடும் வேண்டாம். அவர்களைக் கேட்காமல் எந்தப் பாதையும் திறக்கக் கூடாது.

கொழுக்குமலை தமிழ்நாட்டு நிலம். அங்கே ஜீப் ஏற வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அதற்காக மலையைக் குடைந்து புதுச் சாலை போடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அது வேண்டவே வேண்டாம். கால்நடையாகப் போகும் பழைய வழி பாதுகாப்பாக இருக்கட்டும்.

வண்டி

மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பயணம் செய்யும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. பழகக் கூடாத செய்தி அது. வேலைநாள் விடியலில் தொழிலாளர்களுக்குப் பேருந்து விடுங்கள். அதே பேருந்து ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மெட்டுக்கும் குரங்கணிக்கும் போகட்டும். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கு மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை அரசு நீட்டித்திருக்கிறது. ஏலமலைச் சரிவுக்கும் நீட்டியுங்கள்.

இனி ரயில். 2010 டிசம்பர் 31-உடன் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. பன்னிரண்டரை வருடம் காத்திருந்தோம். 2023 ஜூன் 15 அன்று அகலப் பாதையில் வண்டி வந்தபோது போடியே நிலையத்தில் நின்றது. கண் கலங்கிய பெரியவர்களை நாங்கள் பார்த்தோம். ஆனால் அந்தப் பயணிகள் வண்டி காலையில் மதுரையிலிருந்து வந்து, மாலையில் மதுரைக்குப் போகும்படி அமைந்தது. மதுரைக்காரர் போடிக்கு வந்து பகல் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பலாம். போடிக்காரர் காலையில் மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கும்பிட்டு, மகாலைப் பிள்ளைகளுக்குக் காட்டி, விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து இரவு வீடு திரும்ப முடியாது. காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து ஒரு வண்டி, இரவு ஏழுக்கு மேல் மதுரையிலிருந்து ஒரு வண்டி. ஏப்ரல், மே ஞாயிறுகளில் மட்டுமாவது முதலில் ஓட்டிப் பாருங்கள். பெட்டி நிறைவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சாப்பாடு

வெளியே போவது என்றால் எங்களுக்குப் பாதி சாப்பாடுதான். அதிலும் கட்டுச்சோறு. தாளித்த தயிர்ச்சோறு, மாவடு, வாழையிலையில் மடித்த புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். உண்ணும் இடத்தில் உட்கார வேண்டுமென்றால் வாங்கித்தான் உண்ண வேண்டும் என்ற விதி இப்போது பல சுற்றுலா இடங்களில் மெல்ல நுழைகிறது. இங்கே அது வரக் கூடாது. அணைப்பிள்ளையார் கோயிலிலும், மெட்டிலும், குரங்கணியிலும் கட்டுச்சோறு பிரித்து உண்ண நிழலும், கை கழுவக் குழாயும், குடிதண்ணீரும் கொடுங்கள். நல்ல தண்ணீர் குழாயில் வந்தால் பிளாஸ்டிக் பாட்டில் மலைக்கு ஏறாது.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் போடியின் கோடையைச் சொல்ல முடியாது. செந்தூரம், காசா, கல்லாமை என்று எங்கள் தோப்புப் பழங்கள் சந்தைக்கு வரும்போது தெருவே மணக்கும். அந்தப் பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் தோல் மஞ்சளாகவும் உள்ளே புளிப்பாகவும் இருக்கும் பழம் வீட்டுக்கு வருகிறது. மே மாதம் முழுக்க வாரம் ஒருமுறை கிட்டங்கிகளில் சோதனை வேண்டும். சோதனை முடிவை மக்கள் பார்க்கும்படி ஒட்டவும் வேண்டும். விவசாயிகளே நேரடியாக விற்கும் மாம்பழச் சந்தை ஒன்றை நகராட்சி இடத்தில் பத்து நாள் நடத்துங்கள். புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் அங்கே வரட்டும்.

சர்பத்திலும் ஜிகர்தண்டாவிலும் போடும் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். உண்ண ஏற்றதல்லாத ஐஸ் கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது 2018 முதல் உள்ள ஏற்பாடு. எங்கள் ஊரில் நாங்கள் பார்த்த ஐஸ் எல்லாம் வெள்ளைதான். கம்மங்கூழும், பருத்திப்பாலும், நுங்கும், பதநீரும் விற்கும் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டாதீர்கள். 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு வியாபாரிகளே இடம்பெறும் நகர விற்பனைக் குழு கூடி, கோடை மாலைகளில் அவர்களுக்கென ஒரு தெருவை ஒதுக்கட்டும். அங்கே வண்டிப் போக்குவரத்து நிற்கட்டும். விளக்கும் குப்பைத்தொட்டியும் இருந்தால் அந்தத் தெருவே எங்கள் கடற்கரை.

மாலைப் பொழுது

சித்திரையில் பரமசிவன் மலைக்கோயில் திருவிழா இருக்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் எட்டு நாள் கூட்டம் இரவு பகல் பார்க்காது. ஆயிரங்கண் பானையும், அக்கினிச் சட்டியும், சேற்றைப் பூசிவரும் சேத்தாண்டி வேடமும், ராட்டினமும் சேர்ந்ததுதான் எங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறை. அந்த எட்டு நாளும் பேருந்து நள்ளிரவிலும் ஓடுகிறது, போலீஸ் நிற்கிறது, தண்ணீர் லாரி வருகிறது. முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மக்கள் ஏறுமுன் ராட்டினங்களைப் பொறியாளர் சோதித்து, தேதியிட்ட சான்றை அவற்றின் மேலேயே ஒட்ட வேண்டும்.

திருவிழா முடிந்த மறுநாள் ஊர் வெறிச்சோடிவிடும். பிறகு ஜூன் வரை வெயிலும் டிவியும்தான். மே மாதத்து நான்கு சனிக்கிழமை மாலைகளில் நகராட்சித் திடலில் இலவசத் திரைப்படம் காட்டுங்கள். முதல் படமாக லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வேண்டும். 2018-இல் வந்தது. இந்தச் சரிவில் ஏலக்காய் மூட்டை சுமந்து, ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்கும் மனிதனின் கதை அது. நடந்தது எங்கள் பாதைகளில், பேசுவது எங்கள் பேச்சு. ஊரிலேயே பலர் அதைப் பார்க்கவில்லை. குரங்கணியில் படமான ‘மைனா’வையும் காட்டலாம். பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாடல்களை உள்ளூர் நாதஸ்வர, தவில் கலைஞர்கள் வாசிக்கட்டும், அவர்களுக்கு முழுச் சம்பளம் கொடுங்கள். படம் முடிந்து பெண்கள் வீடு திரும்பும் தெருக்களில் விளக்கு எரிய வேண்டும்.

விடுப்பு

இத்தனையும் கிடைத்தாலும் போவதற்கு நாள் வேண்டும். ஏலத்தோட்டத்திலும், ஏலக்காய் தரம் பிரிக்கும் கடைகளிலும், இலவம்பஞ்சு மெத்தைக் கடைகளிலும் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பதுதான் எங்களில் பெரும்பாலோர் நிலை. மே தினம் போக, மே மாதத்தில் இன்னும் இரண்டு நாள் கூலியோடு விடுப்பு கொடுங்கள். கேட்பவை அனைத்திலும் இதுதான் எங்களுக்கு முக்கியம். சல்லடையில் எட்டு எம்.எம். காயைப் பிரித்துப் பிரித்துக் கண் மங்கிய பெண்ணுக்கு, அந்தக் காய் விளைந்த இடத்தை ஒருநாள் நிமிர்ந்து பார்க்க நேரம் வேண்டும்.

நாங்கள் செய்வதையும் சொல்லிவிடுகிறோம். ஆற்றங்கரையில் வாரந்தோறும் பாட்டில் பொறுக்குவோம். மலைக்குப் பீடி, தீப்பெட்டி கொண்டுபோக மாட்டோம். எவர் கொண்டுபோனாலும் முந்தலிலேயே தடுப்போம். கரும்பலகையில் எழுத ஆள் இல்லையென்றால் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் முறைவைத்து எழுதுவார்கள்.

பங்குனி முடிவதற்குள் ஒவ்வொரு துறையும் எழுத்தில் பதில் தர வேண்டும். சித்திரை பிறக்கும் நாளில் பரமசிவன் மலை அடிவாரத்தில் அந்தப் பதில்களை மைக்கில் ஊருக்கு வாசிப்போம். பதில் வராத துறையின் பெயரையும் வாசிப்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போடி பேருந்து நிலையத்தில் மெட்டுக்குப் போகும் வண்டிக்காக, தூக்குவாளியோடும் பிள்ளைகளோடும் வரிசையில் நிற்போம்.

இப்படிக்கு,
போடிநாயக்கனூர் நகர மக்களும், குரங்கணி, கொட்டகுடி, முந்தல் ஊர்க்காரர்களும்